‘நற்செய்தி அறிவிப்பே முதன்மையானது’: 1974 லோசான் உடன்படிக்கையின் ஒரு வாக்கியம் குறித்த நிகழ்வு ஆய்வு

1974 ஜூலை 16 முதல் 25 வரை சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உலக நற்செய்தி மாநாடு ஒன்று நடந்தது. ஏறத்தாழ 150 நாடுகளிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் கூடினர். மாநாட்டின் முடிவில் அவர்கள் கையெழுத்திடும்படி வைக்கப்பட்ட உடன்படிக்கையில் பதினைந்து பத்திகள் இருந்தன. அவற்றுள் ஆறாம் பத்தியில் வரும் ஒரு சிறு வாக்கியமே இந்த ஆய்வின் பொருள்: திருச்சபையின் தியாக ஊழியமாகிய அருட்பணியில் நற்செய்தி அறிவிப்பே முதன்மையானது. திருச்சபையின் மையப் பணி நற்செய்தி அறிவிப்பா என்ற கேள்வியை கோட்பாட்டுப் பொதுமையில் விவாதித்தால் எல்லோரும் தத்தம் நிலையிலேயே எழுந்து போவார்கள். ஆனால் இந்த ஒரு வாக்கியம் எந்த நெருக்கடியில் பிறந்தது, எழுதியவர்களே அதை எப்படி வெவ்வேறாகப் படித்தார்கள், பின்வந்த ஐம்பது ஆண்டுகளில் அதற்கு என்ன நேர்ந்தது என்று பார்க்கும்போது, கேள்வியின் உண்மையான முடிச்சு எங்கே இருக்கிறது என்பது தெரிகிறது.

பின்னணி

1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டுக்கு ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் வந்திருந்தனர். அமெரிக்க மாணவர் இயக்கத் தலைவரான ஜான் மாட் அதற்குத் தலைமை வகித்தார். ‘இந்தத் தலைமுறையிலேயே உலகம் முழுவதற்கும் நற்செய்தி’ என்ற மாணவர் இயக்கத்தின் முழக்கம் அன்றைய காற்றில் கலந்திருந்தது. அங்கே மையப் பணி எது என்ற கேள்வி எழவே இல்லை, ஏனெனில் விடை எல்லோருக்கும் தெரிந்ததாகவே கருதப்பட்டது. எழுந்தது வேறொரு கேள்வி. ஆசியாவிலிருந்து வந்திருந்த மிகச் சிலருள் ஒருவரான வி. எஸ். அசரியா, மிஷனெரிகள் ஏழைகளுக்குத் தங்கள் பொருளையும் தங்கள் உடலையும் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நன்றியோடு ஏற்றுக்கொண்டு, அதற்கு மேல் ஒன்றைக் கேட்டார்: எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். நற்செய்தியும் வந்தது, மருத்துவமனையும் பள்ளியும் வந்தன, ஆயினும் ஏதோ ஒன்று வரவில்லை என்று அந்தப் பேச்சு சொன்னது. பின்னாளைய விவாதம் முழுவதும் அறிவிப்புக்கும் சேவைக்கும் இடையிலேயே நடந்ததால், அசரியா சுட்டிய அந்த மூன்றாவது குறை பல காலம் கவனிக்கப்படாமலே கிடந்தது என்பது என் வருத்தம்.

இரண்டு உலகப் போர்களும், பேரரசுகளின் சரிவும், சீனாவிலிருந்து மிஷனெரிகள் வெளியேற நேர்ந்ததும் அந்தப் பழைய உறுதியை உடைத்தன. 1952இல் ஜெர்மனியின் வில்லிங்கனில் கூடிய மாநாட்டிலிருந்து, அருட்பணி திருச்சபையின் சொத்து அல்ல, அது தேவனுடைய சொந்தப் பணி என்ற சிந்தனை வேர்பிடித்தது. குமாரனை அனுப்பிய பிதாவின் செயலில் திருச்சபை பங்கேற்கிறது, அவ்வளவே என்ற இந்தப் பார்வை பெரிய விடுதலையாக இருந்தது. ஆனால் அதிலிருந்து, தேவன் உலகில் செய்வதெல்லாம் அருட்பணி, ஆகையால் நீதிக்காக நடக்கும் ஒவ்வொரு போராட்டமும் அருட்பணி, ஆகையால் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லி அழைப்பது அவற்றுள் ஒன்று மட்டுமே, அதுவும் தவிர்க்கக்கூடிய ஒன்று என்று சிலர் படிப்படியாக நகர்ந்தனர். திருநெல்வேலிப் பேராயராக இருந்த ஸ்டீபன் நீல், எல்லாமே அருட்பணி என்றால் எதுவுமே அருட்பணி இல்லை என்று எச்சரித்தது இந்த நகர்வைக் கண்டுதான்.

1968இல் சுவீடனின் உப்சாலாவில் உலகத் திருச்சபைகள் மன்றம் கூடியபோது பிளவு வெளிப்படையாயிற்று. நற்செய்தியைக் கேட்டிராத இருநூறு கோடி மக்களுக்கு உப்சாலா துரோகம் செய்யுமா என்று இந்தியாவில் மிஷனெரியாக இருந்த டொனால்ட் மக்கவ்ரன் மாநாட்டுக்கு முன்பே எழுதிக் கேட்டார். அங்கே பார்வையிட வந்திருந்த இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட், உலகின் உணவுப் பசியைக் குறித்து மன்றம் காட்டிய அக்கறையை மெச்சினார், ஆத்துமப் பசியைக் குறித்து அதற்கு ஈடான அக்கறை எங்கே என்று வேதனைப்பட்டார். லோசான் மாநாடு இந்தக் காயத்திலிருந்து பிறந்தது. அமெரிக்க நற்செய்தியாளர் பில்லி கிரகாம் அதைக் கூட்டியதன் நோக்கமும் நற்செய்தி அறிவிப்பை மீண்டும் நடுவில் நிறுத்துவதே.

வாக்கியம் உருவான விதம்

கூட்டியவர்கள் எதிர்பார்த்தபடி மட்டும் மாநாடு நடக்கவில்லை. லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த ரெனே பதியாவும் சாமுவேல் எஸ்கோபாரும் மேடையில் பேசியவை பலரை உலுக்கின. மனந்திரும்புதலைக் கோராத நற்செய்தி, ஒரு நாட்டின் வாழ்க்கை முறையோடு சேர்த்துப் பொட்டலமாகக் கட்டி அனுப்பப்படும் நற்செய்தி, ஒடுக்குபவனையும் ஒடுக்கப்பட்டவனையும் ஒரே வரிசையில் அமரவைத்தும் அவர்களுக்கிடையே எதையும் மாற்றாத நற்செய்தி, இது அப்போஸ்தலருடைய நற்செய்திதானா என்று அவர்கள் கேட்டார்கள். கேட்டவர்கள் நற்செய்தி அறிவிப்பைக் கைவிட்ட தாராளவாதிகள் அல்லர். பல்கலைக்கழக மாணவர்களிடையே கிறிஸ்துவை அறிவிப்பதில் தங்கள் இளமையைச் செலவிட்டவர்கள். சீஷத்துவத்தின் வேர்வரை செல்ல வேண்டும் என்று வற்புறுத்திய தனி அறிக்கை ஒன்றையும் பல நூறு பேர் அங்கே ஆதரித்தனர்.

வரைவுக் குழுவுக்கு ஸ்டாட் தலைமை தாங்கினார், எஸ்கோபாரும் அதில் இருந்தார். பங்கேற்றவர்களிடமிருந்து வந்த திருத்தங்களைக் கொண்டு வரைவு மாற்றி எழுதப்பட்டது. அதன் விளைவாக அமைந்த பத்திகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். நற்செய்தி அறிவிப்பின் தன்மையைக் கூறும் நான்காம் பத்தி, அதன் பலன்களாகக் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படிதலையும், அவருடைய சபையில் இணைக்கப்படுவதையும், உலகில் பொறுப்புள்ள ஊழியத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஐந்தாம் பத்தி சமூகப் பொறுப்பைப் பற்றியது. அது, நாங்கள் இதைப் புறக்கணித்ததற்காகவும், நற்செய்தி அறிவிப்பும் சமூக அக்கறையும் ஒன்றையொன்று விலக்குபவை என்று சில வேளைகளில் எண்ணியதற்காகவும் மனந்திரும்புகிறோம் என்று சொல்கிறது. இந்த மனந்திரும்புதலுக்குப் பின்னரே, ஆறாம் பத்தியில், நற்செய்தி அறிவிப்பே முதன்மையானது என்ற வாக்கியம் வருகிறது. ஆகவே அது வெற்றி முழக்கமாக எழுதப்பட்டதன்று, பாவ அறிக்கை செய்த வாய் அடுத்துச் சொன்ன சொல்.

ஸ்டாட்டின் சொந்த மாற்றமும் இங்கே பொருட்படுத்தத் தக்கது. 1966இல் பெர்லினில் நடந்த மாநாட்டில், உயிர்த்தெழுந்த கர்த்தரின் கட்டளை பிரசங்கிப்பதும் சீஷராக்குவதுமே, சமூகத்தைச் சீர்திருத்துவது அதில் சேராது என்று அவர் வாதிட்டிருந்தார். 1975இல் வெளியான நூலில், அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டதாக அவரே எழுதினார். ‘பிதா என்னை அனுப்பினதுபோல நானும் உங்களை அனுப்புகிறேன்’ என்ற யோவான் 20:21தான் அவரை மாற்றியது. பிதா குமாரனை எப்படி அனுப்பினார் என்று பார்த்தால், அந்த அனுப்புதலில் பிரசங்கமும் இருக்கிறது, குஷ்டரோகியைத் தொட்ட கையும் இருக்கிறது. தான் பிடித்திருந்த நிலையை வேதம் அசைத்தபோது அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட அந்த நேர்மையை, இந்த விவாதத்தின் எந்தத் தரப்பில் நிற்பவரும் மதிக்கக் கடமைப்பட்டவர்.

ஒரே வாக்கியம், இரண்டு வாசிப்புகள்

உடன்படிக்கையின் மை உலர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1975 ஜனவரியில் லோசான் மாநாட்டின் தொடர்பணிக் குழு மெக்சிகோ நகரில் முதன்முறையாகக் கூடியபோதே வாக்கியத்தின் பொருள் பிளந்தது. இயக்கம் நற்செய்தி அறிவிப்பை மட்டுமே தன் வேலையாகக் கொள்ள வேண்டும், மற்றவற்றில் இழுபட்டால் முன்பு பல இயக்கங்கள் திசைமாறியதுபோலவே இதுவும் திசைமாறும் என்று பில்லி கிரகாம் அஞ்சினார். ஐந்தாம் பத்தியில் கையெழுத்திட்டுவிட்டு அதை மறப்பதென்றால் நாம் எதை உடன்படிக்கை செய்தோம் என்று ஸ்டாட் எதிர்த்தார். நண்பர்களுக்கு இடையிலான அந்தக் கருத்து மோதல் இருவருக்கும் வேதனை தந்தது. முடிவில், திருச்சபையின் முழுமையான வேதாகம அருட்பணியை முன்னெடுப்பது, அந்தத் தியாக ஊழியத்தில் நற்செய்தி அறிவிப்பே முதன்மையானது என்பதை ஏற்பது, இன்னும் நற்செய்தி எட்டாத 270 கோடி மக்களையே தங்கள் தனிப்பட்ட கவலையாகக் கொள்வது என்று மூன்றையும் ஒரே கூற்றில் இணைத்தனர்.

இரு தரப்பினரும் ஒரே வாக்கியத்தையே மேற்கோள் காட்டினார்கள் என்பதே இந்த நிகழ்வின் திறவுகோல். ஒருவர் ‘முதன்மையானது’ என்ற பயனிலையை அழுத்திப் படித்தார், மற்றவர் ‘தியாக ஊழியமாகிய அருட்பணியில்’ என்ற முன்பகுதியை அழுத்திப் படித்தார். முன்பகுதி இல்லாமல் பின்பகுதி நிற்காது. எதனுள் முதன்மை என்று கேட்டால், தன்னையே கொடுக்கும் ஊழியத்துக்குள் முதன்மை என்பதே வாக்கியம் தரும் விடை. அந்த ஊழியமே இல்லாத இடத்தில் ‘முதன்மை’ என்பது எதற்கு முதன்மை?

கத்தோலிக்கத் திருச்சபையும் அதே ஆண்டில் இதே கேள்வியோடு போராடியது என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நீதிக்கான செயல் நற்செய்தி அறிவிப்பின் உள்ளமைந்த கூறு என்று 1971 ஆயர் மாமன்றம் கூறியிருந்தது. 1974 இலையுதிர்காலத்தில் நற்செய்தி அறிவிப்பைக் குறித்தே மாமன்றம் கூடிற்று. அதன் கனியாக 1975 டிசம்பர் 8 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட மடல், நற்செய்தி அறிவிப்பதே திருச்சபையின் ஆழமான அடையாளம் என்று ஐயத்துக்கிடமின்றிச் சொன்னது. இன்றைய மனிதர் போதகர்களைவிடச் சாட்சிகளுக்கே விருப்பத்தோடு செவிகொடுக்கிறார்கள் என்றும் அதே மடல் சொன்னது. மேடையில்லாத சாட்சியும் அறிவிப்பே என்பது இதன் உட்பொருள்.

இரண்டு சோதனைகள்

ஒரு கோட்பாட்டைக் கைவிட்டவர்களுக்கும் அதைக் கைக்கொண்டவர்களுக்கும் என்ன நேர்ந்தது என்று பார்ப்பது அதை எடைபோட ஒரு வழி. வரலாற்று நிகழ்வுக்கு ஒற்றைக் காரணம் கிடையாது என்பதை மனத்தில் கொண்டே இதைச் செய்ய வேண்டும்.

எடின்பரோவின் முழக்கத்தைத் தந்த மாணவர் தன்னார்வ இயக்கம் 1886இல் அமெரிக்காவில் தொடங்கிற்று. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மிஷனெரிகள் அதன்வழி உலகெங்கும் சென்றனர். முதல் உலகப் போருக்குப் பின் மாணவர்கள் இனவெறி, போர், தொழிலாளர் நிலை பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். அவை நியாயமான கேள்விகள், கேட்டே ஆக வேண்டியவை. ஆனால் அந்தக் கேள்விகளுக்கு இடங்கொடுத்த இயக்கத்தால் தன் நற்செய்தியின் நம்பிக்கையைத் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. ஆள்சேர்ப்பு வேகமாகச் சரிந்தது. 1959இல் வேறோர் அமைப்போடு அது கலந்தது, அந்த வழியில் உருவான கடைசி அமைப்பு 1969இல் தன்னைக் கலைத்துக்கொள்ளத் தானே வாக்களித்தது. பொருளாதாரப் பெருமந்தமும் இறையியல் பூசல்களும் இதில் பங்கு வகித்தன. ஆயினும், அறிவிக்க ஒன்று இருக்கிறது என்ற உறுதி போனபின் அமைப்பைப் பிடித்து நிறுத்த வேறு எதுவும் போதவில்லை என்ற முடிவைத் தவிர்ப்பது கடினம். கிரகாமின் அச்சம் வெறும் கற்பனை அன்று.

மறுபக்கச் சோதனை இதைவிடக் கொடியது, எழுதும்போதே கை தயங்குகிறது. 1930களில் ருவாண்டாவின் கஹினியில் தொடங்கிய எழுப்புதல் என்னும் ஆன்மிக மறுமலர்ச்சி கிழக்கு ஆப்பிரிக்கா முழுதும் பரவியது. வெளிப்படையான பாவ அறிக்கையும் சிலுவையின் செய்தியும் அதன் உயிர். மக்களில் மிகப் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்களாகிவிட்ட, நற்செய்தி ஊழியம் வெற்றி பெற்றதாக எந்த அறிக்கையும் எழுதியிருக்கக்கூடிய அந்த நாட்டில், 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை ஏறத்தாழ நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் அளவில் கொல்லப்பட்டனர். கொன்றவர்களில் பலரும் கொல்லப்பட்டவர்களில் பலரும் திருமுழுக்குப் பெற்றவர்கள். நியமாட்டாவிலும் ந்தராமாவிலும் மக்கள் அடைக்கலம் தேடி ஓடிய ஆலயங்களே கொலைக்களங்களாயின. உயிரைக் கொடுத்து அயலாரைக் காத்த விசுவாசிகளும் இருந்தார்கள், அவர்களை மறைப்பது பாவம். ஆனாலும் இனப்பகையைத் தொடாத நற்செய்தி எத்தனை பேரை எட்டினாலும் என்ன ஆகும் என்பதற்கு ருவாண்டா நிலைத்த சாட்சியாகிவிட்டது. 2010இல் கேப் டவுனில் கூடிய மூன்றாம் லோசான் மாநாட்டின் அறிக்கை, இன வன்முறையிலும் ஒடுக்குமுறையிலும் கிறிஸ்தவர்களின் உடந்தையைத் துக்கத்தோடும் வெட்கத்தோடும் ஒப்புக்கொண்டது. சாதி ஒடுக்குமுறையையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது.

வேதத்தின் இலக்கணம்

நற்செய்தி அறிவிப்பே மையம் என்பவர்கள் முதலில் எடுக்கும் வசனம் மத்தேயு 28:19-20. அதன் கிரேக்க மூலத்தில் கட்டளையாக நிற்கும் வினை ‘சீஷராக்குங்கள்’ என்பதே. புறப்பட்டுப் போவதும், ஞானஸ்நானம் கொடுப்பதும், உபதேசிப்பதும் அதைச் சார்ந்து வருபவை. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வாக்கிய அமைப்பின் இயல்பால், ‘புறப்பட்டுப்போய்’, ‘சீஷராக்கி’, ‘ஞானஸ்நானங்கொடுத்து’ என்பன வினையெச்சங்களாகி, ‘நான் உங்களுக்குக் கட்டளையிட்ட யாவையும் அவர்கள் கைக்கொள்ளும்படி அவர்களுக்கு உபதேசம்பண்ணுங்கள்’ என்பது முற்றாக அமைந்துவிட்டது. எந்த மொழியில் படித்தாலும் கட்டளை பேச்சோடு முடிவதில்லை. கிரேக்கத்தில் சீஷரில் நிற்கிறது, தமிழில் கைக்கொள்ளுதலில் வந்து முடிகிறது. கிறிஸ்து கட்டளையிட்ட ‘யாவையும்’ என்பதில் பகைவனை நேசிப்பதும் இருக்கிறது. ருவாண்டாவில் எட்டாமல் போனது அந்த ‘யாவையும்’தான்.

அப்போஸ்தலர் நடபடிகள் இன்னும் தெளிவானது. ஆறாம் அதிகாரத்தில் விதவைகளின் பந்தியில் பாரபட்சம் என்று முறுமுறுப்பு எழுகிறது. ‘நாங்கள் தேவவசனத்தைப் போதியாமல், பந்திவிசாரணைசெய்வது தகுதியல்ல’ என்று அப்போஸ்தலர் சொன்னதை, வசன ஊழியமே மேல் என்பதற்குச் சான்றாகப் பலர் காட்டுவார்கள். ஆனால் அப்போஸ்தலர் பந்தியைக் கைவிடவில்லை. ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழு பேரை அதற்கென்றே ஏற்படுத்தினார்கள். அந்தப் பாரபட்சம் தீர்ந்தபின்பே, தேவவசனம் விருத்தியடைந்தது, சீஷருடைய தொகை மிகவும் பெருகிற்று என்று லூக்கா எழுதுகிறார். பந்தி பரிமாற நியமிக்கப்பட்ட ஸ்தேவான் அடுத்த அதிகாரத்திலேயே சாட்சியாக மரிக்கிறார். பிலிப்பு சமாரியாவில் கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறார், பின்னால் 21ஆம் அதிகாரத்தில் ‘சுவிசேஷகன்’ என்றே அழைக்கப்படுகிறார்.

அந்தியோகியா சபையை நான் இதைவிடப் பெரிய சான்றாகக் கருதுகிறேன். 13ஆம் அதிகாரத்தில் பர்னபாவையும் சவுலையும் புறஜாதியாரிடம் அனுப்பிய சபை அது. அதே சபைதான் 11ஆம் அதிகாரத்தின் முடிவில் யூதேயாவின் பஞ்சத்துக்கு உதவி சேர்த்து அனுப்பியது. யார் கையில் அனுப்பியது? பர்னபா சவுல் என்பவர்களுடைய கையிலே. பஞ்ச நிவாரணத்தைச் சுமந்த அதே இருவரின் கைகள்தாம் நற்செய்தியையும் சுமந்தன. அவர்களைப் பிரித்தெடுக்கும்படி ஆவியானவர் சொன்ன வேளையில் அந்தச் சபை திட்டக்குழுக் கூட்டம் நடத்திக்கொண்டிருக்கவில்லை. கர்த்தருக்கு ஆராதனைசெய்து உபவாசித்துக்கொண்டிருந்தது.

மதிப்பீடு

1982இல் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸில் லோசான் இயக்கமும் சேர்ந்து நடத்திய ஆலோசனைக் கூட்டம், சமூகச் செயல் நற்செய்தி அறிவிப்பின் விளைவு, அதற்குப் பாலம், அதன் கூட்டாளி என்று மூன்று உறவுகளைச் சொல்லி, பறவையின் இரு சிறகுகள் என்ற உவமையையும் தந்தது. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை மிக அரிதாகவே வரும், அப்படி வந்தால் கிறிஸ்துவின் மீட்பருளே மனிதரின் இறுதித் தேவை என்றும் அது சொன்னது. கிறிஸ்தவ உதவி அமைப்புகள் கூடி வெளியிட்ட 2001இன் மீக்கா பிரகடனம் இரண்டையும் அருகருகே வைப்பதையே விட்டு, அறிவிப்புக்குச் சமூக விளைவும் சேவைக்குச் சாட்சியின் விளைவும் உண்டு என்று ஒருங்கே பேசிற்று. கேப் டவுனில் ‘முதன்மை’ என்ற சொல்லுக்குப் பதிலாக அன்பே ஆவணத்தின் அச்சாக வைக்கப்பட்டது. அதே மாநாட்டில் அமெரிக்கப் போதகர் ஜான் பைப்பர், எல்லாத் துன்பங்களையும், குறிப்பாக நித்திய துன்பத்தை, நாம் பொருட்படுத்துகிறோம் என்று திருச்சபை சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். கேள்வி மூடப்படவில்லை.

என் நிலை இதுதான். மையத்தில் இருக்க வேண்டியது நற்செய்தி, நற்செய்தி அறிவிப்பு என்னும் செயல்பாடு அன்று. இந்த வேறுபாடு நுட்பமானதுபோல் தோன்றினாலும் நடைமுறையில் பெரியது. செயல்பாட்டை மையமாக்கினால் ஆராதனை ஆள்திரட்டும் நிகழ்ச்சியாகும், மருத்துவமனை தூண்டிலாகும், அயலார் எண்ணிக்கையாவார், ஏற்கெனவே விசுவாசித்தவர் அடுத்தவரை அழைத்து வரும் கருவியாவார். 1974 உடன்படிக்கையே பன்னிரண்டாம் பத்தியில், கேட்பவர்கள்மேல் அழுத்தம் செலுத்தியதையும், புள்ளிவிவரங்களில் மிதமிஞ்சி மூழ்கி அவற்றில் நேர்மை தவறியதையும் குற்றமாக அறிக்கையிட்டது. செயல்பாட்டை நடுவில் வைத்தவர்கள் எதற்கு ஆளாவார்கள் என்பதை அவர்களே அனுபவித்து எழுதினார்கள்.

ஆனால் அதைச் சொல்லிவிட்டு அறிவிப்பைப் பல பணிகளுள் ஒன்றாக்கி வரிசையில் நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. பசித்தவருக்கு உணவளிக்க அரசும், வேறு சமயத்தாரும், சமயமே இல்லாத நல்லோரும் இருக்கிறார்கள், அவர்களோடு தோள் சேர்ந்து நிற்பது திருச்சபைக்கு மகிழ்ச்சியான கடமை. சிலுவையில் மரித்தவர் உயிர்த்தெழுந்தார், அவரிடத்தில் பாவமன்னிப்பு உண்டு என்று சொல்ல வேறொருவரும் இல்லை. திருச்சபை சொல்லாவிட்டால் அது சொல்லப்படாமலே போகும். நற்செய்தி உண்மை என்று நம்புகிறவர் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்வது பணிவாகாது, அயலாரிடத்தில் அன்பு குறைந்ததன் அடையாளம் அது. கேட்பவர் மறுக்கவும் விலகிப்போகவும் முழு உரிமை உள்ளவர் என்பதும், மறுத்தவருக்கும் அதே அன்பு குறையாமல் கிடைக்க வேண்டும் என்பதும் அந்த அறிவிப்பின் பகுதியே. ஏற்றுக்கொண்டால்தான் உதவி என்ற எண்ணம் எங்கே நுழைகிறதோ அங்கே நற்செய்தி தன் இயல்பை இழந்து வியாபாரமாகிவிடுகிறது.

ஒரு சபை தன் நோக்க அறிக்கையில் நற்செய்தி அறிவிப்பே எங்கள் மையப் பணி என்று எழுத முற்படும்போது, லோசான் வாக்கியத்தை எடுத்தாள்வது இயல்பு. எடுக்கிறவர்கள் அதே ஆறாம் பத்தியைக் கடைசிவரை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சிலுவையைப் பிரசங்கிக்கும் சபை தானே சிலுவையின் அடையாளத்தைத் தாங்கியிருக்க வேண்டும் என்று அந்தப் பத்தி தொடர்கிறது. தேவன்மேல் உயிருள்ள விசுவாசமோ, மக்கள்மேல் உண்மையான அன்போ, விளம்பரமும் பணமும் உட்பட எல்லாவற்றிலும் பழுதற்ற நேர்மையோ இல்லாத சபை நற்செய்திக்குத் தானே இடறலாகிவிடுகிறது என்றும் சொல்கிறது. நோக்க அறிக்கையில் அந்த வரிகளுக்கும் இடம் ஒதுக்கி, ஆண்டுதோறும் ஞானஸ்நானம் பெற்றோரின் எண்ணிக்கையை வாசிக்கும் அதே கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தையும் சபையாரின் முன் திறந்து வைக்கட்டும். சபைக்குள் யார் யாரோடு இன்னும் பந்தியில் அமர்வதில்லை என்பதையும் அதே கூட்டத்தில் கேட்கட்டும்.